அழுத்தும் விரலுக்கு எந்த ஊர்? – மலாக்காத் தோட்டத்துக் கைவைத்தியமும் சீனத் தொடுமருத்துவமும்



பிடித்துவிடுதல், நீவிவிடுதல், வழித்துவிடுதல், அமுக்கிவிடுதல் ஆகிய நான்கு சொற்களும் நம் வீடுகளில் ஒரு காலத்தில் நாள்தோறும் புழங்கின. காலைப் பிடித்துவிட்டார்கள்; முதுகை நீவிவிட்டார்கள்; சுளுக்கை வழித்துவிட்டார்கள்; தலையை அமுக்கிவிட்டார்கள். இன்று நம் பிள்ளைகளுக்கு இவற்றிடையே உள்ள வேறுபாடு தெரியாது. மாறாக, 'அக்குபிரஷர்', 'ரிஃப்ளெக்சாலஜி', 'துய்னா' என்னும் பெயர்ப்பலகைகளைப் பட்டணத்துக் கடைத்தெருவில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

இது குறித்துப் பெற்றோரிடம் பேசும்பொழுது இருவகைக் கருத்துகளைக் கேட்கிறேன். "இது சீனருடைய வைத்தியம், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்பது ஒன்று. "எல்லாம் நம் சித்தர்கள் சொன்னவைதாம், சீனர்கள் எடுத்துக்கொண்டார்கள்" என்பது மற்றொன்று. வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை என்பது விளங்கும். மலாக்காவில் வாழும் நமக்கு அந்த வரலாறு மிக அருகிலேயே இருக்கிறது.

தோட்டத்து உடலும் தோட்டத்துக் கையும்

மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர், 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். அதன் பின்னர் புக்கிட் அசாகானில் பெருந்தோட்டமாக அதனை விரிவாக்கினார். பின்வந்த ஆண்டுகளில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் எனப் பால்மரக்காடுகள் பரவின. அவற்றில் உழைக்கத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர்.

மரம் சீவுவோரின் வேலை எத்தகையது? விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். தலைவிளக்கின் ஒளியில் நிரைக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கான மரங்களுக்குக் குனிந்து நிமிர்ந்து கோடு இழுக்க வேண்டும். பின்னர் மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றித் தோளில் காண்டாக் கம்பால் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கத்தி பிடித்த மணிக்கட்டு, வளைந்த இடுப்பு, கம்பு அழுத்திய தோள், மேடு பள்ளம் ஏறி இறங்கிய முழங்கால் – வலி வரும் இடங்கள் எல்லார்க்கும் ஒன்றாகவே இருந்தன. நாட்கூலி வாழ்க்கையில் படுத்துவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் மருத்துவ வசதி செய்ய முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. தோட்டத்து ஆசுபத்திரியும் டிரெசரும் இருந்தனர். ஆனால் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் டிரெசரிடம் போனவர்கள், உடல் வலிக்காகப் போனதில்லை. அந்த வலிக்கு மருந்து லயத்து வீட்டிலேயே இருந்தது: நல்லெண்ணெய், வெந்நீர், மனிதக் கை. இடுப்பைப் பிடித்துவிட ஒரு பாட்டி. சுளுக்கு வழிக்க ஒரு தாத்தா. பிள்ளைக்கு உரம் விழுந்தால் எடுத்துவிட ஒரு மருத்துவச்சி. யாரும் இல்லாதபோது தன் கையே தனக்குதவி. உள்ளங்காலைத் தானே தேய்த்துக்கொள்வதும், பொட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வதும், கைவிரலில் சொடக்கு எடுப்பதும் கற்றுக்கொடுத்து வந்தவை அல்ல, பார்த்துப் பழகியவை.

இப்பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நூல்மரபும் இருந்தது. சித்த மருத்துவம் இதனைத் 'தொக்கணம்' என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது 9 வகைப்படும். வர்ம மருத்துவமோ உடலில் 108 நுண்ணிடங்களைச் சொல்கிறது. அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். கன்னியாகுமரிப் பகுதி ஆசான்கள் இக்கலையைக் குருவழியில் காத்துவந்தனர். தோட்டத்துக்கு வந்த எளிய மக்கள் கொண்டுவந்ததோ ஏட்டறிவு அன்று, கைப்பழக்கமே.

சீனத்தின் பழைய ஏடுகள்

இனிச் சீனத்தின் பக்கம் திரும்புவோம். 1973ஆம் ஆண்டு, சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்னும் இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றைத் தொல்லியலாளர் திறந்தனர். அதற்குள் பட்டில் தீட்டிய ஓர் ஓவியம் இருந்தது. ஆணும் பெண்ணும் முதியவரும் இளையவருமாக 44 உருவங்கள் குனிந்தும் நீட்டியும் திரும்பியும் உடற்பயிற்சி செய்யும் காட்சி அது. நோய் வருமுன் உடலைத் தானே பேணும் கலைக்குக் கிடைத்த மிகப் பழைய படச்சான்றுகளுள் அதுவும் ஒன்று.

சீன மருத்துவத்தின் அடிப்படை நூலாகிய 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையது. உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் தடங்களின் வழியே ஓடுகிறது. தடை ஏற்பட்டால் நோவு. குறிப்பிட்ட புள்ளிகளில் ஊசியாலோ சூட்டாலோ விரலாலோ தூண்டினால் தடை நீங்கும் என்பது அம்மரபின் விளக்கம். தேய்த்தழுத்தும் கலைக்கு அவர்கள் இட்ட பழைய பெயர் 'ஆன்மோ'. ஆன் என்றால் அழுத்துதல்; மோ என்றால் தேய்த்தல். பிற்காலப் பெயர் 'துய்னா'. தள்ளுதல், பற்றுதல் என்று பொருள். நம் தொக்கணத்தின் 9 சொற்களோடு வைத்துப் பாருங்கள். இருமரபும் கையின் வேலையையே பெயராக வைத்துள்ளன. தாங் அரசர் காலத்தில் (618–907) அரண்மனை மருத்துவக் கல்விக்கூடத்தில் ஆன்மோவுக்கெனத் தனித்துறையும் மாணவர்களும் இருந்தனர்.

கடல் கடந்த 18 அசைவுகள்

தாங் காலத்தில் வாழ்ந்த பெரும் மருத்துவர் சுன் சிமியாவ். சுமார் 652ஆம் ஆண்டில் அவர் தொகுத்த மருத்துவ நூலில், உடலைத் தானே பேணிக்கொள்ளும் முறைகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'தியான்சூ நாட்டு ஆன்மோ'. தியான்சூ என்பது இந்தியாவுக்குச் சீனர் வழங்கிய பெயர். இது பிராமணர் முறை என்றும் அந்நூல் குறிக்கிறது.

அம்முறையில் 18 அசைவுகள் உள்ளன. கைகழுவுவதுபோல் இரு கைகளையும் பிணைத்து முறுக்குதல். விரல்களைக் கோத்து மார்பை நோக்கித் திருப்புதல். வில் இழுப்பதுபோல் கையை நீட்டுதல். மலையைத் தள்ளுவதுபோல் சாய்தல். தரையில் கையூன்றி முதுகை வளைத்து எழும்புதல். புலி பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிப் பின்னோக்குதல். கையால் முதுகைத் தட்டிக்கொள்ளுதல். நாள்தோறும் மும்முறை செய்யும் முதியவர் ஒரு மாதத்தில் நோய் நீங்கி, ஓடும் குதிரையை எட்டிப்பிடிப்பார் என்று அந்நூல் புகழ்கிறது. இப்புகழ்ச்சியை அக்காலத்து மொழியாகவே கொள்ள வேண்டும். ஆனால் இரவல் பெற்ற ஊரின் பெயரை மறைக்காது எழுதிவைத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதைக் கொண்டு, "பார்த்தீர்களா, எல்லாம் நம்முடையவையே" என்று கூத்தாட இயலாது. இந்தியாவின் பெயரைச் சூட்டினால் மதிப்பு உயரும் என்பதாலும் அக்காலத்தில் அப்பெயர் இடப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் கூறுவர். அசைவுகளுள் சில சீனப் பயிற்சிகளையே ஒத்துள்ளன. கலந்துவிட்ட இரு ஆற்று நீரைப் பிரித்துக் காட்ட யாரால் இயலும்?

அந்த நீர் கலந்த வழிகளுள் ஒன்று நம் வாசலில் உள்ள மலாக்கா நீரிணையே. 671ஆம் ஆண்டு குவாங்சோவிலிருந்து கப்பலேறிய ஈ சிங் என்னும் சீனத் துறவி, சிறீவிஜயத்தில் தங்கிச் சமற்கிருதம் கற்று, நாம் கடாரம் என்றழைக்கும் கெடா வழியாக நாலந்தாவுக்குச் சென்றார். இந்திய மருத்துவத்தைப் பற்றியும் எழுதினார். ஊசி மருத்துவத்திலும் நாடி பார்ப்பதிலும் தம் நாட்டை மிஞ்ச எந்நாடும் இல்லை என்றும் எழுதினார். கற்றுக்கொள்ளப் போன இடத்திலும் தம்மிடம் இருப்பதன் அருமையை அவர் மறக்கவில்லை. மாணவர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

தைலப் புட்டியில் ஒரு வரலாறு

ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து அவ்விரு கைகளும் மலாக்காவில் மீண்டும் சந்தித்தன. இம்முறை சந்தித்தவர்கள் துறவியரும் மருத்துவ அறிஞரும் அல்லர். மளிகைக்கடைச் சீனரும் தோட்டத்துத் தமிழரும்.

தோட்டத்துக்கு அருகிலிருந்த சிறுபட்டணத்துச் சீனர் கடையில் அரிசியும் மீனும் கடனுக்குக் கிடைத்தன, தைலமும் கிடைத்தது. கோடாலித் தைலம் 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய சீன நிறுவனத்தின் படைப்பு. புலித் தைலத்தின் கதையோ இன்னும் நீண்டது. ஹக்கா இனத்துச் சீன வைத்தியர் ஒருவர் பர்மாவின் இரங்கூனில் நடத்திய மருந்துக்கடையில் அது பிறந்தது. அவர்தம் மக்களான ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் ஆகியோர் அதனை வளர்த்தனர். மூத்தவர் 1926இல் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். அதிலுள்ள பொருள்களைப் பாருங்கள்: கற்பூரம், புதினா, கிராம்பு, 'காயு பூத்தே' எண்ணெய். காயு பூத்தே மலாய்ப் பெயர். கிராம்பு மலுக்குத் தீவுகளின் பயிர். சீனர் கலக்கினர், தீவுகள் சரக்களித்தன, தமிழர் நெற்றியில் தேய்த்தனர்! 1893இல் பம்பாயில் நாகேசுவரராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனமும் தமிழர் வீடுகளில் அதே வேலையைச் செய்தது.

பண்டமாற்று ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. கை பிசகினால் நம்மவர் சீனச் சின்சேயிடம் போனார்கள். பிள்ளைபெற்ற நம் பெண்களுக்கு மலாய்ப் பீடான் 'ஊருட்' செய்துவிட்டதும் உண்டு. பட்டணத்துத் தமிழர் முடிதிருத்தகத்திலோ, முடி வெட்டிய பின் எண்ணெய் தட்டித் தலையை அமுக்கிவிடும் சுகத்துக்காகச் சீனரும் மலாய்க்காரரும் வரிசையில் அமர்ந்தனர். மலாக்கா நகரின் துக்காங் எமாஸ் சாலைப் பகுதியில், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயமும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் சீனக்கோயிலும் அடுத்தடுத்து நிற்பதைப் பாடநூலில் கற்பிக்கிறோம். அந்த அண்டைவாழ்வு கல்லில் மட்டும் இருக்கவில்லை. தசையிலும் நரம்பிலும் இருந்தது.

பழமை என்னும் முத்திரை

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 'ஐயாயிரம் ஆண்டுச் சீன அறிவு' என விற்கப்படும் அனைத்தும் பழமையானவை அல்ல.

உள்ளங்காலில் இதயம், சிறுநீரகம், கல்லீரல் என வண்ணமிட்ட படத்தைக் காணாதவர் உண்டோ? அதன் தொடக்கம் அமெரிக்கா. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் மருத்துவர் 1917இல் உடலை மண்டலங்களாகப் பிரிக்கும் நூலை வெளியிட்டார். யூனிஸ் இங்காம் என்னும் அம்மையார் 1938இல் பாதத்துக்கான நூலை எழுதினார். தைவானில் பணியாற்றிய சுவிட்சர்லாந்துப் பாதிரியார் ஜோசப் யூக்ஸ்டர் 1970களின் இறுதியில் இதனைப் பரப்பினார். அதன் பின்னரே இது ஆசிய நகரங்களில் கடைகடையாகப் பெருகியது. காதுமடலில் முழு உடலையும் காட்டும் படமும் அவ்வாறே. பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே 1950களில் வரைந்தது அது.

நம் தோப்புக்கரணமும் இதற்கு விலக்கன்று. பிள்ளையார் முன் காதைப் பிடித்து உட்கார்ந்தெழுவது நம் வழிபாடு. 2005இல் சோவா கோக் சூயி என்னும் பிலிப்பைன்சுச் சீனர் இதனை 'சூப்பர்பிரெயின் யோகா' எனப் பெயரிட்டு நூலாக்கினார். மூளைத்திறன் பெருகும் என்னும் பேச்சும் பரவியது. அதனை உறுதியாக நிறுவும் ஆய்வுச் சான்று இல்லை. கால் தசைக்கு நல்ல பயிற்சி. இறைவன் முன் பணிவு. இவ்விரண்டும் போதாவா?

பள்ளிக்கு ஒரு பாடம்

1963ஆம் ஆண்டு பெய்ஜிங் பள்ளிகளில் கண் பயிற்சி தொடங்கப்பட்டு, பின்னர்ச் சீனா முழுவதும் பரவியது. மணியடித்ததும் மாணவர் கண்ணை மூடிக்கொண்டு, இசைக்கேற்பப் புருவத்தையும் மூக்கடியையும் கன்னத்தையும் பொட்டையும் விரலால் அழுத்துவர். தலைமுறை தலைமுறையாக இது நடந்தும் அந்நாட்டில் கிட்டப்பார்வை பெருகவே செய்தது.

பின்னர் குவாங்சோவில் 12 தொடக்கப்பள்ளிகளில் வேறோர் ஆய்வு நடந்தது. சரிபாதிப் பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் மாணவரை வெளிவெளிச்சத்துக்கு அனுப்பினர். மூன்றாண்டு கழித்து, வெளியே சென்ற பிள்ளைகளுள் 30.4 விழுக்காட்டினர்க்கும், செல்லாதவருள் 39.5 விழுக்காட்டினர்க்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. 2015இல் இம்முடிவு வெளியானது. கண்ணை நீவுவது களைப்பாற்றலாம். பார்வையைக் காப்பது வெயிலும் விளையாட்டுமே. கைப்பேசியோடு பிள்ளையை அறைக்குள் அமர்த்தும் பெற்றோரே, சற்றே சிந்தியுங்கள்.

நாமே செய்துகொள்ளத்தக்கவை

பிறகு எதற்கு இந்தப் புள்ளிகள் என்று கேட்பீர்கள். நோய் தீர்க்க அல்ல. அன்றாடக் களைப்பைத் தணிக்க. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட நூலில் 361 புள்ளிகளின் இடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. நமக்கு ஐந்து போதும். ஒவ்வொன்றையும் மெல்ல, வலி தாங்கும் அளவுக்கு, ஒரு நிமிடம் அழுத்தினால் போதும்.

1. ஹெகு (கூடும் பள்ளத்தாக்கு): கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தசைமேடு. தலைவலிக்கு அழுத்துவர். கருவுற்ற பெண்களுக்கு ஆகாது என்பது சீன மரபே சொல்லும் விலக்கு.

2. நெய்குவான் (உள்வாயில்): மணிக்கட்டு மடிப்பிலிருந்து உள்ளங்கைப் பக்கமாக முழங்கை நோக்கி மூன்று விரலளவு மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே. குமட்டலுக்கு உரியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலை இப்புள்ளி குறைக்கக்கூடும் என 2015இல் வெளியான காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு கூறுகிறது.

3. ஃபெங்சி (காற்றுக் குளம்): பிடரியில் மண்டையோட்டுக்குக் கீழ் இருபுறமும் உள்ள குழிகள். கரும்பலகையையும் திருத்தும் ஏடுகளையும் மாறிமாறிப் பார்க்கும் ஆசிரியர்க்கு ஏற்றது.

4. யிங்சியாங் (நறுமணத்தை வரவேற்றல்): மூக்கு மடலின் ஓரம். மூக்கடைப்புக்கு. பெயரே கவிதை!

5. சூசான்லி: முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரலளவு, எலும்புக்கு வெளிப்புறம். நெடுநேரம் நின்ற கால்களுக்கு.

கால்களைக் காப்போம்

இறுதியாக, நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கவலையைச் சொல்கிறேன். மலேசியாவில் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துசேர்ந்த நம் முதியோர் பலர் அந்நோயைச் சுமக்கின்றனர். நீரிழிவு முற்றியவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றும். அவர் பூங்காவின் கூழாங்கல் பாதையில் வெறுங்காலுடன் நடந்தால், கல் கீறியதும் தெரியாது. புண் ஆனதும் தெரியாது. தெரியும்பொழுது விரலையோ காலையோ எடுக்க நேரிடுகிறது. அத்தகையோர்க்குக் கூழாங்கல் நடையும் வன்மையான பாத அழுத்தமும் வேண்டா. நாள்தோறும் அவர்தம் உள்ளங்காலைப் பிள்ளைகள் பார்த்து, கழுவித் துடைத்து, மெல்ல எண்ணெய் நீவிவிட்டால் அதுவே உயர்ந்த தொடுமருத்துவம்.

மேலும் சில எச்சரிக்கைகள். கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கிச் சுட்டால் நீவாதீர்கள், இரத்தக்கட்டு இருக்கலாம். கழுத்தை வெடுக்கெனத் திருப்பி நெட்டி முறிக்க விடாதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிய வாய்ப்புண்டு. கைக்குழந்தையின் மூக்கில் கற்பூரத் தைலம் தடவாதீர்கள். நெஞ்சுவலி, ஒருபக்கம் கை கால் விளங்காமை, வாய் கோணுதல் – இவற்றுக்குப் புள்ளி தேடும் நேரமில்லை, மருத்துவமனையே வழி.

பயிற்சி பெற்றவரிடம் செல்ல விரும்புவோர்க்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, நிறைவு மருத்துவச் சட்டம் (சட்டம் 775) மலாய், சீன, இந்திய மருத்துவ மரபுகளை ஏற்று, அவற்றில் ஈடுபடுவோர் பதிவு பெறுவதற்கு வழி செய்துள்ளது. 2007இல் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் மரபுவழி அழுத்தலுக்கும் ஊசி மருத்துவத்துக்கும் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் லயத்துத் திண்ணையிலும் கடைத்தெருவிலும் தாமாகக் கலந்த மரபுகள், இன்று அரசு ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டுள்ளன.

ஆசிரியர்களே, அடுத்த தவணையில் மாணவர்க்கு ஒரு சிறு பணி கொடுத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள மூத்தவரிடம், "உங்களுக்கு எங்கே வலித்தது? யார், எப்படிப் பிடித்துவிட்டார்கள்?" என்று கேட்டு எழுதி வரட்டும். சுளுக்கு, உரம், தொக்கம், பிடிப்பு போன்ற அருந்தமிழ்ச் சொற்கள் ஏட்டில் ஏறும். மரம் சீவியவர்களின் உடல் எப்படி வலித்தது என்பதைப் பாடநூல்கள் எழுதவில்லை. அதை எழுத நம் பிள்ளைகளின் கையில் எழுதுகோல் இருக்கிறது; சொல்ல வேண்டிய தாத்தா பாட்டிமார் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், மலாக்கா